ஏஜென்ட்டுக்கு வீடில்லை

பொட்டலத்தின் வீட்டில் 'ச' என்ற எழுத்துக்குத் தடை.

மனைவியைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்க முடியாது. "வயித்துக்கு ஏதாவது போட்டியா?" என்றுதான் கேட்க வேண்டும். சாவியைக் காணோமென்றால், "கதவைத் திறப்போமே, அது எங்க?" என்று சுற்றி வளைக்க வேண்டும். சண்டை போடக்கூட வழியில்லை. "சும்மா இரு" என்று சொல்ல முடியாத புருஷன் எந்தச் சண்டையில் ஜெயித்திருக்கிறான்?

எல்லாம் அவள் காது மிஷின் செய்கிற வேலை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காது மந்தம். மிஷினை மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டு ரகசியம்வரை கேட்கும். ஆனால் மிஷினுக்குள் ஓடும் நிரலைக் கடைசியாக மாற்றியதிலிருந்து ஒரு கோளாறு. யாராவது 'ச' என்றோ 'ஸ்' என்றோ சொன்னால் போதும், காதுக்குள் 'உய்ய்' என்று விசில் கிளம்பும். அந்த மிஷினைச் செய்து விற்கிற கம்பெனியில்தான் பொட்டலத்துக்கு உத்தியோகம். தான் வேலை பார்க்கிற கம்பெனியே தன் பெண்டாட்டி காதில் விசிலடித்தால் எந்த மனிதனுக்குத் தூக்கம் வரும்?

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் எல்லாரும் அவளை எப்படிக் கூப்பிடுவார்கள்? "சிஸ்டர்!" ஒரு கூப்பாட்டுக்கு இரண்டு விசில். "சிஸ்டர், கொஞ்சம் சீக்கிரம் சிஸ்டர்" என்றால் காதுக்குள் ரயில் நிலையம். தாங்க மாட்டாமல் மிஷினைக் கழற்றி வைத்தாள். அப்புறம் யார் கூப்பிடுவதும் கேட்கவில்லை. தலைமை நர்ஸ் நல்ல மனுஷிதான், ஆனாலும் சொல்லிவிட்டாள்: திங்கட்கிழமைக்குள் இது தீராவிட்டால் வார்டு கிடையாது, துணி ரூமுக்குப் போய்ப் படுக்கை விரிப்பை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"நான் ஊசி போட்டா குழந்தைகூட அழாதுங்க," என்றாள் அவள். "இனிமே பெட்ஷீட்டுக்கா போடறது?" சொல்லிவிட்டு அழுதாள். பொட்டலம் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். "நான் பாத்துக்கறேன்" என்றான்.

அவன் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம்தான் அது. கோளாறைத் திருத்திய நிரலை எழுதுகிறவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, முத்திரை வைத்து, ஊரிலுள்ள மிஷின்களுக்கெல்லாம் அனுப்புவதுதான் மிச்சம். கட்டுவது அவன் வேலை. அதனால்தான் அந்தப் பேர். முத்திரை இல்லாத நிரலை எந்த மிஷினும் உள்ளே விடாது. முன்பெல்லாம் விசிலடித்துக்கொண்டே கட்டுவான், நல்ல ராகமாக வரும். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் அதே விசில்தான். அவள் காது இப்படியானதும் விசிலை அடியோடு விட்டுவிட்டான்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், முத்திரை வைப்பதில்.

முத்திரைக்கு ஒரு சாவி உண்டு. சாவியைக் கையில் வைத்துக் காப்பது ஒரு குட்டி நிரல். அதன் பேர் ஏஜென்ட். யாருக்காவது முத்திரை வேண்டுமென்றால் ஏஜென்ட்டிடம் போய்ப் பேச வேண்டும். பேசுவதற்கு ஒரு ஓட்டை உண்டு, தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் மாதிரி. அதற்கு சாக்கெட் என்று பேர். ஏஜென்ட் வழக்கமாக அந்த ஜன்னலைத் தன் வீட்டில் திறக்கும். கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் வீடு என்று ஒரு ஃபோல்டர் இருக்குமே, அங்கே.

போன மாதம் கம்பெனியின் பாதுகாப்புப் பேரவை ஒரு புது விதி போட்டது. இனி முத்திரையையும் கட்டும் அறைக்குள்ளேயேதான் வைக்க வேண்டுமாம். கட்டும் அறை என்றால் நிஜ அறை அல்ல, கம்ப்யூட்டருக்குள் ஒரு அடைப்பு. வெளியுலகத் தொடர்பு கிடையாது, எதையும் தொடக் கூடாது, முக்கியமாக, உள்ளே யாருக்கும் வீடு கிடையாது. ஏஜென்ட்டை உள்ளே அனுப்பினால் அது தன் வீட்டைத் தேடும், காணாது, "ஜன்னல் திறக்க இடமில்லை" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகும். இன்ன இடத்தில் உட்கார் என்று அதற்கு ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பேரவை சம்மதிக்காத ஒரு வரியைக்கூடக் கட்டும் அறை ஏற்காது.

பொட்டலம் மேனேஜரிடம் போனான்.

"எத்தனை வரி மாத்தணும்?" என்றார் மேனேஜர்.

"ஒரே வரிதாங்க."

"ஐயையோ! அப்போ ரொம்பக் கஷ்டமாச்சேப்பா. ஆயிரம் வரின்னா யாரும் படிக்க மாட்டாங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போட்டுடுவாங்க. ஒரு வரின்னா எல்லாரும் படிச்சுடுவாங்களே!"

மேனேஜர் அனுபவஸ்தர். அவர் சொன்னபடியே நடந்தது.

பேரவையில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டை. பூட்டு என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பேர். முகத்துக்கு நேரே கூப்பிடுவதென்றால், "பாதுகாப்புக் கொள்கை வகுப்பு மற்றும் கண்காணிப்புத் துணைத் தலைமை அதிகாரி அவர்களே" என்று முழுசாகக் கூப்பிட வேண்டும். 'சார்' என்று சொல்லக் கூடாது. அது கம்பெனித் தலைவர் போட்ட உத்தரவு. சார் என்பது அதிகாரிகளின் மாண்பைக் குறைக்கிறதாம், ஆகவே ஒவ்வொருவரையும் முழுப் பதவியைச் சொல்லியே அழைக்க வேண்டுமாம். சமத்துவம் கருதி மேடமும் தடை செய்யப்பட்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் பாதி நேரம் கூப்பிடுவதிலேயே போனது. கூப்பிட்டு முடிப்பதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோனது.

பூட்டு அந்த ஒரு வரியை மூக்குக்கண்ணாடியைப் போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார்.

"ஏஜென்ட்டா? எந்த ஏஜென்ட்? கமிஷன் எவ்வளவு வாங்கறான்?"

"ஆள் இல்லைங்க, அது ஒரு நிரல். சாவியை வச்சிருக்கும்."

"வீடு இல்லைன்னு போட்டிருக்கு?"

"கட்டும் அறைக்குள்ள அதுக்கு வீடு கிடையாதுங்க."

பூட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீடு வாசல் இல்லாதவன்கிட்ட கம்பெனிச் சாவியைக் குடுத்து வச்சிருக்கீங்க! யாரு ஜாமீன்?"

"வீடு கூடாதுன்னு விதி போட்டதே நம்ம பேரவைதாங்க."

"அது சரியான விதி. நான்தான் எழுதினேன்," என்றார் பூட்டு பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கனிவாகப் பேசினார். "தம்பி, பாதுகாப்புன்னா என்னன்னு நினைக்கறே? எதுவும் நடக்காம இருக்கறதுதான் பாதுகாப்பு. இந்தப் பேரவை வந்த நாள்லேர்ந்து இந்தக் கம்பெனியில எதுவுமே நடக்கலை. போட்டிக் கம்பெனியில கேட்டுப் பாரு, தினம் ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும். பாவம்!"

எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பத்தை இன்னொரு பிரிவுக்கும் அனுப்பி வைத்தார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார், பொட்டலத்தின் மேஜைக்குப் பக்கத்துச் சுவரை உடைத்தார், ஒரு பிளக் பாயிண்ட் பொருத்தினார். "சாக்கெட் கேட்டிருந்தீங்களாமே?" என்றார். பொட்டலம் வாயைத் திறப்பதற்குள் பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதத்தில் அந்தக் கம்பெனியில் கேட்டுக் கிடைத்த ஒரே பொருள் அதுதான். பேரவைக்காரர்கள் அதில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ள வந்து போனார்கள்.

வந்து போன பழக்கத்திலோ என்னவோ, பூட்டுக்கு மனம் இளகியது. "இடம் குடுத்துடலாம். ஆனா யாரு அனுமதி குடுத்தாங்கங்கறது அந்த ஃபோல்டர் பேர்லயே தெரியணும். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் பொறுப்பில்லைன்னு சொல்ல, என் பேர் அதுல இருக்கணும் பாரு."

இந்த வாக்கியத்தைப் பொட்டலம் படிக்கட்டில் நின்று இரண்டு தடவை யோசித்துப் பார்த்தான். புரியவில்லை. விட்டுவிட்டான்.

ஃபோல்டருக்குப் பேர் வைப்பதென்றால் அகராதியிடம் போக வேண்டும். பெயரிடல் நெறிமுறை மேற்பார்வை முதன்மை அதிகாரி அவர்கள். அந்த அம்மாளுக்கு அகராதி என்று பேர் வைத்தது சொல்வளத்துக்காக மட்டுமல்ல. பொட்டலம் கொண்டுபோன பேரைப் பார்த்து, "அவர் பேர் இருக்கு, என் பேர் எங்க?" என்று கேட்டு, தன் பங்கையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். ஏஜென்ட் உட்கார வேண்டிய இடத்தின் விலாசம் இப்போது இப்படி இருந்தது:

/பாதுகாப்புக்-கொள்கை-வகுப்பு-மற்றும்-கண்காணிப்புத்-துணைத்-தலைமை-அதிகாரி-அவர்களின்-மேலான-அனுமதியுடன்/பெயரிடல்-நெறிமுறை-மேற்பார்வை-முதன்மை-அதிகாரி-அவர்களின்-கனிவான-பரிந்துரையின்பேரில்/ஏஜென்ட்-உட்காரும்-இடம்

பொட்டலம் அதை அப்படியே எழுதிக் கட்டும் அறைக்கு அனுப்பினான். ஏஜென்ட் இந்தத் தடவை வேறு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுச் செத்தது: "விலாசம் மிக நீளம்."

ஜன்னலின் விலாசம் நூற்றெட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். இது எந்தப் பேரவையும் போட்ட விதியல்ல, கம்ப்யூட்டரின் அடிமடியிலேயே எழுதி வைத்தது. யார் காலில் விழுந்தாலும் மாறாது. பொட்டலம் அகராதியிடம் ஓடினான்.

"பெயரிடல் நெறிமுறை மேற்பார்வை முதன்மை அதிகாரி அவர்களே, இதுல நூத்தெட்டு எழுத்துதாங்க இருக்கலாம்."

"நூத்தெட்டு எழுத்து, நூத்தெட்டு நொட்டை! ஒரு பேர் வச்சுக் குடுத்தா ஆயிரத்தெட்டு குறை சொல்றீங்க!"

"ஆயிரத்தெட்டு இல்லைங்க. நூத்தெட்டு."

"பேரம் வேற பேசறியா?"

"கணக்கா நூத்தெட்டுங்க. அதுலயும் கடைசி ஒண்ணு விலாசம் முடிஞ்சதுன்னு காட்டறதுக்குப் போயிடும். நூத்தேழுதான் நமக்கு."

"பாத்தியா, நீயே ஒண்ணைக் குறைச்சுட்டே. இப்படித்தான் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்றீங்க," என்று அகராதி ஜெயித்த முகத்தோடு சொன்னாள்.

அவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ளக் கைதான் வந்தது, அடக்கிக்கொண்டான். இரவு வீட்டுக்குப் போனால் மனைவி மிஷினை டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், போய் விளக்கை அணைத்தாள். அவள் கேட்டுத் திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் எப்படியோ இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். பேரைக் குறைப்பதுதான் பேச்சு.

"தாராளமா குறைக்கலாம்," என்றார் பூட்டு. "அந்தம்மா பேரை எடுத்துடுங்க."

"நானும் அதையேதான் சொல்றேன்," என்றாள் அகராதி. "அவர் பேரை எடுத்துடுங்க."

"'மற்றும்' ஒண்ணை மட்டும் எடுத்துப் பாக்கலாங்களா?" என்றான் பொட்டலம்.

பூட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "வகுப்பு வேற, கண்காணிப்பு வேற. 'மற்றும்' இருக்கறதாலதான் நான் ரெண்டு வேலை பாக்கறேன். அதை எடுத்தா ஒரு வேலைன்னு ஆயிடும். அந்த ஒரு வேலை என்னன்னு எவனாவது கேட்டான்னா?"

"'மேலான' வேண்டாமே. வெறும் அனுமதின்னு போட்டா?"

"அப்போ கீழான அனுமதிங்கறியா?"

மதியம்வரை பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேரைக் குறைப்பது எப்படி என்று ஆராயப் 'பெயர்க் குறுக்கம் குறித்த ஆய்வுக் குழு' ஒன்றை அங்கேயே அமைத்தார்கள். பூட்டு தலைவர், அகராதி துணைத் தலைவர். குழு ஏகமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம், ஃபோல்டரின் பேரில் குழுவின் பேரையும் சேர்க்க வேண்டும் என்பது. விலாசம் காலையில் இருந்ததைவிட ஒரு முழம் நீண்டது.

பொட்டலத்துக்கு வந்ததே கோபம்! போனால் போகட்டும் இந்த வேலை என்று மாடிப்படி ஏறி, யாரையும் கேட்காமல் கம்பெனித் தலைவரின் கதவைத் தள்ளிவிட்டான்.

தலைவரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு பெருமை உண்டு. 'சரி' என்று சொன்னாலே முகம் சுளிப்பார். ஆமாம் போடுகிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது, அப்படியொரு கொள்கைக் குன்று என்று பேசிக்கொள்வார்கள். அந்தக் குன்றின் முன்னால் நின்ற பொட்டலத்துக்குப் பதவி, பட்டம், முழுப்பேர் எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"சார்!"

தலைவர் நாற்காலியிலேயே துள்ளினார். வலது தோள் காதுவரை ஏறியது, ஒரு கண் மூடிக்கொண்டது, கை தன்னால் போய்க் காதைப் பொத்தியது.

அந்தத் துள்ளலைப் பொட்டலம் தினமும் வீட்டில் பார்க்கிறவன். அதே தோள், அதே கண், அதே கை. மெதுவாகக் கேட்டான்: "விசில் அடிக்குதுங்களா?"

தலைவர் எழுந்து போய்க் கதவைத் தாளிட்டார். முடியை விலக்கிக் காட்டினார். காதுக்குள்ளே கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு, விலை கூடிய ரகம், பதுங்கிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. காது மிஷின் கம்பெனித் தலைவனுக்கே காது கேக்காதுன்னா கடையில எவன் வாங்குவான்?" என்றவர், காதைத் தடவிக்கொண்டார். "இது மிஷின் அடிக்கற விசிலா? நான் நினைச்சேன்யா, இவங்கதான் எனக்குப் பின்னாடி நின்னு விசிலடிக்கறாங்கன்னு. எவன் என்னைக் கூப்பிட்டாலும் ஒரு விசில். அதான் அப்படி ஒரு உத்தரவே போட்டேன். முழுப்பேரைச் சொல்லும்போது எவனும் அடிக்கலை. அடங்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

பொட்டலத்துக்குத் தலை கிறுகிறுத்தது. மிஷினில் விசில் வருவதால் சார் போனது. சார் போனதால் பேர் நீண்டது. பேர் நீண்டதால் ஏஜென்ட்டுக்கு இடமில்லை, இடமில்லாததால் முத்திரை இல்லை, முத்திரை இல்லாததால் மிஷினில் விசில் போகவில்லை. பதவிப் பேர்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒன்றில்கூட 'ச' கிடையாது. குழுவுக்குக்கூடச் 'சுருக்கம்' என்று வைக்காமல் 'குறுக்கம்' என்று வைத்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னான். மனைவியையும் திங்கட்கிழமையையும் சொன்னான். தலைவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உத்தரவை எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. அவங்க பேரை வெட்டினா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. எல்லார் பேரும் அதுல இருக்கணும், ஆனா ரொம்பக் குட்டியா இருக்கணும். அப்படி ஒரு பேர் உலகத்துல உண்டா?"

"சார்..." என்றான் பொட்டலம்.

"அடிக்குதுய்யா!"

"அதேதான் சார்! அதுதான் பேர்! சார்!"

"ஐயோ, நிறுத்துய்யா!" என்று தலைவர் மேஜைக்கடியில் போனார். போனவர் அங்கிருந்தே யோசித்தார். பிறகு தலையை நீட்டி, "எல்லாரும் சார்தானே?" என்றார்.

அன்று மாலை பேரவை கூடியது. ஃபோல்டருக்குச் 'சார்' என்று பேர் வைக்கப் போவதாகத் தலைவர் அறிவித்தார். பூட்டு அடக்கத்துடன் தலைகுனிந்தார், அது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியும். அகராதி மட்டும், "நான் எப்படி சாராவேன்?" என்று எழுந்தாள்.

"போன்ல உங்க குரலைக் கேட்டதும் எல்லாரும் எழுந்து நின்னு சார்னுதாங்க சொல்றாங்க," என்றான் பொட்டலம். "அதிகாரத்துக்கு ஆண்பால் பெண்பால் ஏதுங்க?"

அகராதி உட்கார்ந்தாள். அவள் முகம் மலர்ந்ததை அலுவலகம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. பேரவை முழுக்க ஒரே குரலில் "சரி சார்!" என்றது. தலைவர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. தலைவர் நெகிழ்ந்துவிட்டார் என்று எல்லாரும் மறுபடியும் "சார், சார்" என்றார்கள்.

பொட்டலம் கீழே ஓடினான். ஒரே வரி. ஏஜென்ட் உள்ளே போனது, '/சார்' என்ற இடத்தைக் கண்டது, ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தது. முத்திரை விழுந்தது. நிரல் பொட்டலமாகக் கட்டி முடிந்து, ஊர் முழுக்க மிஷின்களைத் தேடிப் புறப்பட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் தலைவர் புது மனிதராகக் கீழே இறங்கி வந்தார். "என்னைச் சார்னு கூப்பிடுங்க!" என்று எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தார். கூப்பிட்டார்கள். காதில் தேனாகப் பாய்ந்தது. பொட்டலத்துக்கு இதெதுவும் தெரியாது. திரையைப் பார்த்தபடி, நாற்காலியில் சாய்ந்து, அத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து நீளமாக ஒரு விசிலடித்தான்.

தலைவர் கதவோரம் அப்படியே நின்றுவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. "இன்னும் வருதேய்யா!"

பொட்டலம் எழுந்து நின்றான். "மிஷின்ல... ஒண்ணுமில்லைங்க சார்."

"அப்போ நிஜமாவே அடிக்கறாங்களா?"

அவன் குனிந்து திரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை காலை புது உத்தரவு வந்தது. அலுவலக வளாகத்தில் விசிலடிப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு குழு. பூட்டு தலைவர், அகராதி துணைத் தலைவர். விசில் விவகாரத்தில் முன் அனுபவம் உள்ளவர் என்பதால் பொட்டலம் செயலாளர்.

வார்டில்தான் மாட்டிப் பார்ப்பேன் என்று இரண்டு நாளும் மிஷினை டப்பாவைவிட்டு எடுக்காத மனைவி, அன்று சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். வார்டில் ஒரு கிழவர் காலையிலிருந்து ஓயாமல் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டாராம். ஒரு விசில் இல்லை. வேண்டுமென்றே திரும்பாமல் நின்று இன்னும் இரண்டு தடவை கூப்பிட வைத்துக் கேட்டாளாம். தலைமை நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, துணி ரூமுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"சாப்டியா?" என்றான் பொட்டலம்.

"இன்னொரு தடவை கேளுங்க."

"சாப்டியா? சாவி எங்க? சட்டை எங்க? சும்மா இரு!"

சாப்பிடும்போது அவன் அலுவலகக் கதையை எல்லாம் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கடைசி விசில் யாருங்க அடிச்சது?"

"அதைத்தான் குழு தேடிக்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்தான், முதல் தட்டைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க, அவனுக்கே தெரியாமல் உதடு குவிந்தது. பழைய ராகம்தான், நன்றாகவே வந்தது.

கூடத்திலிருந்து அவள் கத்தினாள்: "செயலாளரே! கேக்குது!"